பல்லாவரத்துக் கோடாரி எந்த மலைக் கல்?

சென்னையில் இருக்கிறவங்க பல்லாவரத்தை எத்தனையோ தடவை கடந்து போயிருப்பீங்க. வெள்ளிக்கிழமை சந்தை, ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக், தலைக்கு மேல தாழ்வா இறங்குற விமானம், பக்கத்துல திரிசூலம் மலை. இந்த எபிசோட் அந்த இடத்துலதான் ஆரம்பிக்குது.

1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற 28 வயசு நிலவியலாளர், பல்லாவரம் கன்டோன்மென்ட் பக்கத்துல சரளைக்காகத் தோண்டின ஒரு பள்ளத்துல இருந்து ஒரு கல்லை எடுத்தார். ரெண்டு பக்கமும் செதுக்கி, ஓரம் கூராக்கின கைக்கோடாரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தாங்க என்பதற்கு அடையாளம் கண்டுகொள்ளப்பட்ட முதல் சாட்சி அதுதான். இவ்வளவும் பல பேருக்குத் தெரிஞ்ச கதை. பாடப்புத்தகத்துலயே இருக்கு.

நான் பேச வந்தது அந்தக் கல்லைப் பத்தி. அது என்ன கல்?

பள்ளிக்கூடத்துல நாம படிச்சது, கற்கால மனிதன்னா சிக்கிமுக்கிக் கல். ஐரோப்பாவுக்கு அது பெரும்பாலும் சரி. ஃபூட் இதைக் கண்டுபிடிக்கறதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1859ல், பிரான்ஸில் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைச்ச கருவிகள் உண்மையிலேயே ஆதி மனிதர்கள் செஞ்சவைதான் என்று அறிஞர்கள் ஒத்துக்கிட்டாங்க. அவை சிக்கிமுக்கிக் கருவிகள். ஆனா சென்னையைச் சுத்தி அந்தக் கல் கிடையாது. சரி, அப்போ பல்லாவரத்து மலைக் கல்லா? அதுவும் இல்லை. இதுதான் இந்தக் கதையின் சுவாரசியமான இடம்.

பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை எல்லாமே சார்னோகைட் என்ற பாறை. பேர் புதுசா இருக்கலாம், ஆனா பொருளை நீங்க தினமும் பாக்குறீங்க. வீடு கட்டுற இடத்துல குவிச்சு வெச்சிருக்கிற நீலம் கலந்த கருப்பு ஜல்லி, புளூ மெட்டல்னு சொல்வாங்களே, இந்தப் பக்கத்துக் குவாரிகளில் உடைச்சது அந்தப் பாறையைத்தான். கல்கத்தாவில் இருக்கிற ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறைதான். அந்தப் பேரையே பாறைக்கு வெச்சாங்க.

ஃபூட் எடுத்த கோடாரி சார்னோகைட் இல்லை, குவார்ட்சைட். அதாவது சுத்தி மலையா நிக்குற கல்லை விட்டுட்டு, வேற ஒரு கல்லை அந்த மனுஷங்க தேர்ந்தெடுத்திருக்காங்க. ஏன்?

ஒரு ஜல்லியைக் கையில எடுத்துப் பாருங்க. உள்ளே பளபளப்பா, பெருசு பெருசா பல தாதுக்களோட படிகங்கள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும். தட்டினா விரிசல் ஒவ்வொரு படிகத்தோட எல்லையிலயும் திசை மாறும். எங்க உடையும்னு தட்டுறவனுக்கே தெரியாது. கட்டடத்துக்கு அருமையான கல், கத்திக்கு உதவாது.

குவார்ட்சைட் வேற மாதிரி. ரொம்பப் பழைய காலத்து மணல், பாறையா இறுகி, மணல் துகள்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியும் அதே குவார்ட்ஸ் தாதுவால நிரம்பிப்போனது. அதனால விரிசல் துகளைச் சுத்திப் போகாது, துகளை ஊடுருவி நேராப் போகும். சரியான கோணத்துல ஓங்கித் தட்டினா சிப்பி ஓடு மாதிரி வளைவா ஒரு சில்லு கழண்டு வரும். அந்தச் சில்லோட ஓரம் தோலைக் கிழிக்கும், சதையை அறுக்கும்.

களத்துல இதை எப்படி அடையாளம் காணுறாங்க? முதல் விதி, வெளிநிறத்தை நம்பக்கூடாது. லட்சக்கணக்கான வருஷம் செம்மண்ணுல கிடந்த கல் பழுப்பா, சிவப்பா, துருப்பிடிச்ச மாதிரி இருக்கும். உள்ளே அது வெள்ளையாகவோ, சாம்பலாகவோ, இளஞ்சிவப்பாகவோ இருக்கலாம். அதனால உடைஞ்ச முகத்தைத்தான் பாக்கணும். பத்து மடங்கு லென்ஸ் வெச்சுப் பாத்தா சர்க்கரைக் கட்டியை உடைச்ச மாதிரி துகள் துகளாத் தெரியும். விரலால தேய்ச்சா மணல் உதிர்ந்தா அது வெறும் மணற்கல். உதிரலைன்னா குவார்ட்சைட்டா இருக்க வாய்ப்பு அதிகம். இரும்புக் கத்தியால கீறினா கல்லுல கோடு விழாது, ஏன்னா குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. சாதாரணக் கத்தி அதுக்கும் கீழே. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டா நுரைக்காது. நுரைச்சா அது சுண்ணாம்புக்கல். இதுக்கும் மேல சந்தேகம் வந்தா, ஆய்வகத்துல கல்லை 0.03 மில்லிமீட்டர் மெல்லிசா அறுத்து மைக்ரோஸ்கோப்ல பாப்பாங்க.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கீறுற வேலை, அமில வேலை எல்லாம் பக்கத்துல கிடக்கிற சாதாரணக் கூழாங்கல்லுலதான். கருவி மேல இல்லை.

சரி, குவார்ட்சைட்னு பேர் தெரிஞ்சுடுச்சு. அதனால என்ன லாபம்? பேர் தெரிஞ்சா அது எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிக்கலாம்.

அதுக்கு பல்லாவரத்தை விட்டுட்டு வடமேற்கே திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போகணும். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கொசஸ்தலை ஆற்றுப் படுகையில இருக்கு அத்திரம்பாக்கம். பல்லாவரத்துக் கண்டுபிடிப்புக்கு நாலு மாசம் கழிச்சு, 1863 செப்டம்பரில், ஃபூட்டும் வில்லியம் கிங்கும் இந்த இடத்துல கற்கருவிகளைக் கண்டாங்க. பக்கத்துல அல்லிக்குழி மலைத்தொடர். அங்கதான் குடியம் குகை. போயிருந்தீங்கன்னா ஞாபகம் இருக்கும். குகைச் சுவர் வழவழன்னு இருக்காது. தேங்காய் பர்பியில முந்திரி பதிச்ச மாதிரி, சுவர் முழுக்க உருண்டைக் கற்கள். அந்த உருண்டைகள்தான் குவார்ட்சைட்.

அவை அங்கே எப்படி வந்தன? ஆந்திராவின் கடப்பை, நகரி மலைப் பகுதிகளில் இருக்கும் மிகப் பழைய குவார்ட்சைட் பாறைகள் உடைஞ்சு, டைனோசர் காலத்து நதிகளில் உருண்டு வந்து, இங்கே படிஞ்சு இறுகிச்சு. திருப்பதி போற வழியில தெரியுற நகரி மூக்கு, அந்தப் பாறைக் குடும்பம்தான். பிறகு இந்த மலைகளும் அரிக்கப்பட்டு, உருண்டைகள் மறுபடி கழண்டு, ஓடைகளிலும் சரளை மண்ணிலும் பரவின. ஆதி மனிதர்களுக்கு இது உடைச்சு எடுக்கத் தேவையில்லாத கல் கிடங்கு.

இப்போ முக்கியமான விஷயம். 1999 முதல் சாந்தி பப்பு தலைமையிலான குழு அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செஞ்சது. மிகப் பழைய கருவிகள் கிடைச்ச ஆழமான அடுக்குகள் களிமண். களிமண்ணை மெதுவாப் படிய வைக்கிற தண்ணீர், கைப்பிடி கனமுள்ள கல்லை உருட்டிக்கிட்டு வராது. அப்போ அந்தக் கற்கள் அங்கே எப்படி வந்திருக்கும்? யாரோ தூக்கிட்டு வந்திருக்காங்க. அதுவும் முழுப் பாறையை இல்லை. பெரிய பாறையிலிருந்து பெரிய சில்லை வேற இடத்துலயே உடைச்செடுத்து, அந்தச் சில்லை மட்டும் கொண்டுவந்து கோடாரியா செதுக்கியிருக்காங்க. எந்தக் கல் வேணும், எங்க கிடைக்கும், எவ்வளவு சுமந்தாப் போதும்னு யோசிச்சிருக்காங்க. கல்லையும் மண்ணையும் சேர்த்து வெச்சுப் பாத்ததாலதான் இதெல்லாம் சொல்ல முடியுது.

வயசு கண்டுபிடிக்கவும் கல்லின் வகைதான் உதவிச்சு. குவார்ட்ஸ் வெயில்ல, வெட்டவெளியில கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வர்ற காஸ்மிக் கதிர்கள் அதுக்குள்ள அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்களை உண்டாக்கும். கல் ஆழமாப் புதைஞ்சதும் இந்த உற்பத்தி அநேகமா நின்னுடும். அதுக்கப்புறம் ரெண்டும் வேற வேற வேகத்துல குறையும். அலுமினியம் சுமார் 7 லட்சம் வருஷத்துல பாதியாகும், பெரிலியத்துக்கு சுமார் 14 லட்சம் வருஷம். ரெண்டோட விகிதத்தை அளந்தா எப்போ புதைஞ்சதுன்னு கணக்குப் போடலாம். அத்திரம்பாக்கத்தில் கருவிகளையே இப்படி அளந்தாங்க. 2011ல் வந்த முடிவு: சராசரியா 15 லட்சம் ஆண்டுகள். 2018ல் அதே இடத்தின் மேல் அடுக்குகளைப் பத்தி இன்னொரு முடிவு வந்தது. சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னாடியே அங்கே பெரிய கோடாரிகள் குறைஞ்சு, நுணுக்கமான சின்னக் கருவிகள் வர ஆரம்பிச்சுடுச்சு. கல் அதே குவார்ட்சைட், கையாண்ட விதம் மாறிடுச்சு.

இப்போ என் சொந்தக் கதைக்கு வர்றேன். கொஞ்சம் வெட்கமான கதை.

காலேஜ் படிக்கும்போது நண்பர்களோட பைக்ல பூண்டி ஏரிப் பக்கம் போனேன். மழை பெய்ஞ்சு விட்டிருந்தது. செம்மண்ல உள்ளங்கை அளவுக்கு ஒரு கல் நீட்டிக்கிட்டிருந்தது. எடுத்துத் துடைச்சேன், பையில போட்டேன். ஆறு வருஷம் என் புத்தக அலமாரியில இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், "இது எத்தனை வருஷம் பழசுன்னு சொல்லுங்க பாக்கலாம்"னு பீத்திக்குவேன்.

பிறகு ஒரு மரபு நடையில தொல்லியல் சொல்லித்தர்ற ஒரு மேடத்தைச் சந்திச்சேன். அடுத்த வாரமே கல்லை எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "குவார்ட்சைட்தான். பாருங்க, தட்டின இடத்துக்குக் கீழே இந்த மேடு, அதுலேருந்து விரியுற அலை. மனுஷன் உடைச்ச சில்லுதான் இது"ன்னாங்க. எனக்குக் கால் தரையில நிக்கல.

"எங்க எடுத்தீங்க?"

"பூண்டி பக்கம், மேடம்."

"பக்கம்னா எங்க? ஓடைக் கரையா, வயலா, ரோட்டுக்குக் கொட்டின சரளையா? மண்ணுக்குள்ள எவ்வளவு ஆழம்? சுத்தி வேற கல் இருந்துச்சா, அது என்ன கல்?"

எதுக்கும் என்கிட்ட பதில் இல்லை. அவங்க திட்டல. ஒரு சின்னச் சீட்டுல "பூண்டி அருகே, இடம் தெரியாது"ன்னு எழுதி, மாணவர்கள் தொட்டுப் பழகுற தட்டுல வெச்சாங்க. "பசங்க கல்லை அடையாளம் காணப் பழக இது உதவும்ப்பா. ஆராய்ச்சிக்கு ஆகாது"ன்னு மட்டும் சொன்னாங்க.

அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது. சுத்தியிருந்தது சரளையா களிமண்ணா என்ற ஒரு தகவல் இருந்திருந்தா, அந்தக் கல்லைத் தண்ணி உருட்டிட்டு வந்ததா, ஆள் சுமந்துட்டு வந்தாரா என்று யாராவது கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியை நான் பையில போட்டு எடுத்துட்டு வந்துட்டேன்.

நான் ஒரு கல்லுக்குச் செஞ்சதை ஒரு ஜேசிபி ஒரே காலையில ஆயிரம் கல்லுக்குச் செய்யும். சரளை மண் ரோடு போடவும் மனை நிரப்பவும் வேணும். அதே மண்ணுலதான் கருவிகளும் இருக்கு. பல்லாவரத்துல ஃபூட் குனிஞ்சு பாத்த பள்ளமே சரளை எடுக்கத் தோண்டினதுதான். இன்னைக்கு அங்கே போனா தெருவும் வீடும்தான். அந்தப் பள்ளத்துல வேற என்னென்ன கூழாங்கற்கள் கலந்திருந்துச்சுன்னு மறுபடி எண்ணிப் பாக்க வழியில்லை.

ஃபூட் சேகரிச்ச கருவிகளை 1904ல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிச்சு. எழும்பூருக்குப் போனா கற்கருவிகளை முதல்ல பாருங்க. பூண்டியிலயும் ஒரு தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கு, குடியம் போற வழியில பாத்துடலாம். கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற கல்லுல துகளைத் தேடுங்க, சில்லு கழண்ட வளைவைத் தேடுங்க.

வெளியில, மண்ணுல அப்படி ஒரு கல்லைப் பாத்தா? எடுக்காதீங்க. பக்கத்துல ஒரு பேனாவோ சாவியோ அளவுக்கு வெச்சு ஃபோட்டோ எடுங்க. சுத்தியிருக்கிற மண்ணும் தெரியுற மாதிரி இன்னொரு ஃபோட்டோ. ஃபோன்ல லொகேஷனைக் குறிச்சுக்கோங்க. மாநிலத் தொல்லியல் துறைக்கோ, பக்கத்துல இருக்கிற அருங்காட்சியகத்துக்கோ தெரிவிங்க. கல் அங்கேயே இருக்கட்டும்.

என் அலமாரியில அந்த இடம் இப்போ காலியாத்தான் இருக்கு. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.