மரம் அழவில்லை

என் மனைவி காலமான மறு வருடம், டோக்கியோவில் இருக்கும் மகள், "இங்கே வந்து இரண்டு மாதம் இருங்கப்பா" என்று டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டாள். ஏழெட்டு வருடம் ஆகிறது. ஏப்ரல் நடுவில் ஒரு நாள், புகுஷிமா மாகாணத்தில் மிஹரு என்ற சிற்றூருக்கு ஒரு செர்ரி மரத்தைக் காட்டக் கூட்டிப் போனாள். ஒரு மரத்தைப் பார்க்க இத்தனை தூரமா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

போய்ப் பார்த்ததும் வாயடைத்துப் போனேன். பதின்மூன்று மீட்டருக்கு மேல் உயரம். வயது ஆயிரத்துக்கு மேல் என்கிறார்கள். கிளைகளெல்லாம் கீழ்நோக்கி வளைந்து, இளஞ்சிவப்புப் பூவோடு தரையைத் தொடப் பார்க்கின்றன. 1922லேயே ஜப்பான் அரசு இதை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துவிட்டது.

"இங்கிலீஷில் இந்த வகைக்கு வீப்பிங் செர்ரி என்று பேர். அழுகிற மரம்" என்றாள் மகள். அன்று எனக்கு அது பொருத்தமான பெயராகவே பட்டது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பதில் அதுவும் நானும் ஒன்றுதான்.

கூட வந்திருந்த அவளுடைய ஜப்பானியத் தோழி இதைக் கேட்டுச் சிரித்தாள். "எங்கள் பெயரில் அழுகையே கிடையாதே!" என்றாள்.

விசாரித்தேன். இப்படித் தொங்கும் மரங்களுக்கு அவர்கள் சொல்வது 'ஷிதரெ'. கீழே தொங்குதல் என்பதுதான் பொருள். எழுதும்போது 'கிளை', 'தொங்கு' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுகிறார்கள். ஷிதரெசகுரா என்றால் தொங்கும் செர்ரி. ஷிதரெயனகி என்றால் தொங்கும் வில்லோ மரம். இந்தச் செர்ரிக்கு 'இத்தொசகுரா' என்று இன்னொரு பெயரும் உண்டு. இத்தொ என்றால் நூல். மிஹருவில் நாங்கள் பார்த்த மரம் 'தக்கிசகுரா', அதாவது அருவிச் செர்ரி. அழுவதற்கு அவர்கள் சொல் 'நகு', ககரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பழந்தமிழில் நகு என்றால் சிரி! தமிழாசிரியனாக இருந்தவனுக்கு இது போதாதா, ரயிலில் திரும்பி வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு அழுகை எங்கிருந்து வந்தது? தொங்கும் வில்லோவின் தாயகம் சீனா. ஆனால் லின்னேயஸ் 1753ல் அதற்கு 'பாபிலோனிகா' என்று பெயர் வைத்தார். சிறைப்பட்ட யூதர்கள் பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுததாகவும், தங்கள் சுரமண்டலங்களை மரங்களில் தொங்கவிட்டதாகவும் பைபிளின் 137ஆம் சங்கீதம் சொல்கிறது. அந்த மரம் இதுதான் என்று எண்ணிவிட்டார்கள். உண்மையில் அது யூப்ரடீஸ் கரையில் வளரும் பாப்லர் வகை. அதுவும் போக, அங்கே அழுதவர்கள் மனிதர்கள், மரம் அல்ல.

கிளை தொங்குவதற்கும் காரணம் துக்கம் இல்லை. கட்டைக்குப் பலம் வருமுன் கிளை நீண்டுவிடுகிறது, கனம் தாங்காமல் வளைகிறது. ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சிப் பொருளைச் செலுத்தினால் அதே செர்ரியின் இளங்கிளைகள் நிமிர்ந்து வளர்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வளைவது பலவீனமும் அல்ல. வில்லோவில் பனி விழுந்தால் கிளை ஒடியாது என்று அங்கே ஒரு பழமொழி. வளைந்து பனியை உதிர்த்துவிடுமாம்.

கியோட்டோவின் மருயாமா பூங்காவில் இருந்த பெரிய தொங்கும் செர்ரி 1947ல் பட்டுப்போனது. ஆனால் அது உயிரோடு இருக்கும்போதே சானோ என்ற தோட்டக்காரக் குடும்பம் அதன் விதையை எடுத்துக் கன்று வளர்த்து வைத்திருந்தது. 1949ல் அந்தக் கன்றைப் பூங்காவில் நட்டார்கள். இன்று ஜனங்கள் பார்ப்பது அதைத்தான். மிஹரு மரமோ, 2011 மார்ச்சில் பூகம்பமும் அணு உலை விபத்தும் அந்த மாகாணத்தையே உலுக்கிய பிறகு, அடுத்த மாதமே வழக்கம்போலப் பூத்தது.

நம்மிடமும் இப்படி ஒரு பெயர் இருக்கிறதே! சரம் சரமாகத் தொங்குவதால் சரக்கொன்றை. அழுகைக் கொன்றை என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் ஒன்று நிற்கிறது. அவள் வைத்தது. அவள் போனபின் பார்க்கும்போதெல்லாம் மனசு தாங்காமல், வெட்டிவிடலாம் என்று ஆளிடம் பேசி வைத்திருந்தேன். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அவரைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சித்திரையில் அது பூக்கும்போது இப்போது நாற்காலியை அதனடியில்தான் போட்டுக்கொள்கிறேன்.