ஆயில் பிரஷர் முள்ளு: 1849-லிருந்து வேலம்பாளையம் வரை

லாரி டேஷ்போர்டுல இருக்குற மீட்டர்கள்ல எதை ரொம்ப நம்புவீங்கன்னு பழைய டிரைவர் யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க. ஸ்பீடோமீட்டர்னு சொல்ல மாட்டார் (பாதி வண்டில அது ஓடவே ஓடாது). டீசல் முள்ளுன்னும் சொல்ல மாட்டார், அதுக்கு டேங்க்ல குச்சி விட்டுப் பார்த்துக்குவார். ஆயில் பிரஷர்னுதான் சொல்வார். குச்சி விட்டுப் பார்த்தா ஆயில் எவ்வளவு இருக்குன்னு தெரியும். அந்த ஆயில் போக வேண்டிய இடத்துக்குப் போகுதான்னு குச்சிக்குத் தெரியாது. அதைச் சொல்ல அந்த ஒரு முள்ளுதான் இருக்கு.

போன மாசம் எங்க சித்தப்பாவோட தண்ணி லாரில அந்த முள்ளு படுத்துடுச்சு. சென்சாரை மாத்தினாங்க, வண்டி சரியாச்சு, அவ்வளவுதான் விஷயம். ஆனா மாத்துறதுக்கு முன்னாடி பட்டறைல நடந்த ஒரு சின்ன வேலையைப் பார்த்துட்டு, இதோட பூர்வீகம் என்னன்னு நோண்ட ஆரம்பிச்சேன். பொட்டி தட்டுறவனுக்கு இது எதுக்குன்னு கேட்காதீங்க. மெக்கானிக்கல் படிச்சிட்டு கம்ப்யூட்டர்ல குப்பை கொட்டுற கூட்டத்துல நானும் ஒருத்தன். நாலு வருஷம் படிச்சதுக்கு இப்படி ஒரு பதிவாவது தேறட்டும் :-)

எங்க ஊர் வேலம்பாளையம். பழைய ஆளுங்க '15 வேலம்பாளையம்'னுதான் சொல்வாங்க. தனி நகராட்சியா இருந்துட்டு அப்புறம் திருப்பூர் மாநகராட்சியோட சேர்ந்துடுச்சு. பனியன் ஊர்னா தையல் மெஷின் சத்தம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். இங்க வளர்ந்தவங்களுக்கு தண்ணி லாரி சத்தமும் சேர்ந்தே வரும். 1990கள்ல ஏற்றுமதி எகிறினப்போ சாயப்பட்டறைக்கும் சலவைப்பட்டறைக்கும் தண்ணி தேவைப்பட்டது. ஊருக்குள்ள நிலத்தடித் தண்ணி உப்பாகிக் கெட்டுப்போச்சு. சுத்துப்பட்டு கிராமத்துக் கிணத்துலயும் போர்லயும் இருந்து லாரி லாரியா கொண்டுவந்து கொட்டினாங்க. அதை நம்பி லாரி வாங்கின குடும்பம் எத்தனையோ. 2005-06 வாக்குல ஆத்துத் தண்ணி குழாய்ல வர ஆரம்பிச்சதும் பட்டறை டிரிப் குறைஞ்சது. 2011 ஜனவரில உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்போ நின்ன லாரிகள் நிறைய. தாக்குப்பிடிச்சவங்க வீட்டுக்கும் கட்டட வேலைக்கும் தண்ணி அடிக்கிறாங்க. எங்க சித்தப்பா அந்த ரகம்.

அவரோட வண்டி 2004 மாடல். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை. இருபது வருஷம் உழைச்ச வண்டில ஒரு சென்சார் போச்சுன்னா அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும், பாவம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

என்ஜின் கிராங்க் ஷாஃப்ட் பேரிங் மேல உட்கார்ந்து சுத்துதுன்னு நாம சொல்றோம். ஓடும்போது நிஜத்துல அது பேரிங்கைத் தொடுறதே இல்லை. நடுவுல முடி கனத்தை விட மெல்லிசா ஒரு ஆயில் படலம் இருக்கும், அதுல மிதந்துதான் சுத்துது. அந்த இண்டு இடுக்குக்குள்ள ஆயிலைத் தள்ள பம்ப் இருக்கு, போற வழில ஆயில் கேலரி இருக்கு. அந்த கேலரில ஒரு ஓட்டை போட்டு உள்ள எவ்வளவு அழுத்தம்னு பார்க்குறதுதான் பிரஷர் மீட்டர் வேலை. பேரிங் தேஞ்சு இடுக்கு பெருசாயிட்டா ஆயில் சுலபமா ஒழுகிடும், பிரஷர் இறங்கும். பம்ப் தேஞ்சாலும் இறங்கும். ஆயில் சூடாகி தண்ணி மாதிரி ஆனாலும் இறங்கும். அழுத்தமே இல்லாம ஓட்டினா இரும்பும் இரும்பும் உரசி, கொஞ்ச நேரத்துல என்ஜின் ஜாம்.

எங்க வீட்டுல இது பாடமா படிச்ச விஷயம் இல்லை, பட்ட விஷயம். 1998-ல தாத்தா ரெண்டு ஏக்கர் காட்டை வித்து முதல் லாரி வாங்கினார், பழைய வண்டிதான். அதுல பிரஷர் முள்ளு அப்பப்போ விழும், தட்டினா எழும். 'அது அப்படித்தானுங்க காட்டும், சென்சார் சரியில்லீங்'னு டிரைவர் சொல்லிட்டே இருந்தார். அவினாசி ரோட்டுல ஒரு நாள் ராத்திரி முள்ளு விழுந்தது, வழக்கம்போல தட்டிட்டு ஓட்டினார். அன்னிக்கு சென்சார் சொன்னது நிஜம். கிராங்க் போச்சு, ரெண்டு கனெக்டிங் ராடு போச்சு. என்ஜின் கட்டுறதுக்கு வாங்கின கடனை அடைச்சு முடிக்கவே நாலு வருஷம் ஆச்சுன்னு அப்பா சொல்வார்.

அதனால போன மாசம் சித்தப்பா வண்டி சூடானதும் ஐட்லிங்ல முள்ளு ஜீரோவுக்கு வந்து நின்னப்போ, அவர் ஒரு டிரிப் கூட ஓட்டலை. அங்கயே ஆஃப் பண்ணி, இன்னொரு வண்டில கட்டி இழுத்துட்டு வந்தார். முதல்ல பார்த்த பட்டறைல 'மெயின் பேரிங் போயிருச்சுங், என்ஜினைப் பிரிச்சாகணும், ஒன்றரை லட்சம் ஆகும்'னாங்க. மூணு நாள் வண்டி நின்னது. சித்தப்பா வீட்டுல யார்கிட்டயும் சரியா பேசலை.

நாலாவது நாள் இன்னொரு பட்டறை. அங்க இருந்த பெரியவர் என்ஜினைத் தொடவே இல்லை. 'பொறுங்க்ணா, மொதல்ல நேர் மீட்டர் போட்டுப் பாத்தர்லாம்'னார். சுவத்து ஆணில மாட்டியிருந்த வட்ட மீட்டரை எடுத்தார். அதுல ஒரு நீள டியூப். கரண்ட் இல்லை, ஒயர் இல்லை. சென்சாரைக் கழட்டிட்டு அதே ஓட்டைல டியூப்பை மாட்டினார். வண்டியை ஸ்டார்ட் பண்ணி நல்லா சூடேத்தினார். ஐட்லிங்ல 1.2 கிலோ. ஆக்ஸிலேட்டர் கொடுத்தா மூணரை கிலோ. 'உங்க பேரிங்குக்கு ஒண்ணுமில்லீங்க்ணா. யூனிட்டு பொய் சொல்லுது.'

என்னை நோண்ட வெச்சது அந்த வட்ட மீட்டர்தான். அது யூஜின் போர்டோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1849-ல காப்புரிமை வாங்கின சரக்கு. அப்போ லாரியும் இல்லை, டீசல் என்ஜினும் இல்லை. நீராவி கொதிகலன் எப்போ வெடிக்கும்னு தெரியாம உலகமே பயந்துட்டு இருந்த காலம். ஒரு சுருள் குழாய் தப்பித் தவறி நசுங்கிப் போக, அதை நிமிர்த்த உள்ள அழுத்தம் கொடுத்திருக்காங்க. குழாய் உப்பும்போதே சுருளும் அவிழுறதை அவர் கவனிச்சாராம். நம்ம ஊர் தேர்த்திருவிழாவுல பசங்க ஊதுற பீப்பி இருக்கே, ஊதினா காகிதச் சுருள் நீளுமே, அதே கதைதான். நசுங்கின வளைஞ்ச குழாயோட ஒரு முனையை மூடி அதுல முள்ளு கோர்த்துட்டா, அழுத்தம் கூடக் கூட குழாய் நிமிரும், முள்ளு நகரும். ரெண்டு வருஷம் கழிச்சு 1851 லண்டன் கண்காட்சில பதக்கம் வாங்கினார். நூத்தி எழுபது வருஷம் தாண்டியும் கேஸ் வெல்டிங் சிலிண்டர்ல, ஏர் கம்ப்ரஸர்ல, சாயப்பட்டறை பாய்லர்ல எல்லாம் இதேதான்.

மோட்டார் வண்டி வந்தப்போ இந்த மீட்டரை அப்படியே டேஷ்போர்டுல வெச்சாங்க. என்ஜின்ல இருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாய் டிரைவர் முன்னாடி வரைக்கும் வரும், உள்ள நிஜ ஆயில் நிக்கும். இந்தியாவுல லாரி கட்ட ஆரம்பிச்ச காலமும் கிட்டத்தட்ட அதுதான். ரகுநந்தன் சரண் 1948-ல ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ் எண்ணூர்ல முதல்ல ஆஸ்டின் கார்தான் கோர்த்தது. லேலண்டோட கை கோர்த்து 1955-ல அசோக் லேலண்ட் ஆச்சு, காமெட்னு ஒரு லாரி ஊரெல்லாம் ஓடுச்சு. அந்தப் பக்கம் ஜாம்ஷெட்பூர்ல டெல்கோ 1954-ல டெய்ம்லர் பென்ஸோட சேர்ந்தது, 1969 வரைக்கும் அந்த ஒப்பந்தம். 'பென்ஸ் லாரி'ன்னு நம்ம தாத்தாக்கள் சொன்னது இதைத்தான்.

செம்புக் குழாய் நேர்மையான சாமான், ஆனா வாழ்க்கை கஷ்டம். நம்ம ரோட்டு ஆட்டத்துல விரிசல் விடும். விட்டா சூடான ஆயில் டிரைவர் காலுல சொட்டும். கவனிக்காம விட்டா, ஆயில் பிரஷரைக் காட்ட வந்த குழாயே ஆயிலை வெளிய விட்டு என்ஜினைக் கொன்னுடும். என்ஜின் பின்னாடி இருக்குற பஸ்ஸுன்னா குழாயை அவ்வளவு தூரம் இழுக்கவும் முடியாது.

அதனால வந்ததுதான் மின்சார யூனிட். கேலரி ஓட்டைல ஒரு குட்டி டப்பா. உள்ள ஒரு தகடு, ஆயில் தள்ளினா உப்பும். அது ஒரு கம்பிச் சுருள் மேல சின்ன கையை நகர்த்தும், ரெசிஸ்டன்ஸ் மாறும். டேஷ்போர்டுக்குப் போறது ஒத்தை ஒயர்தான், எர்த் என்ஜின் வழியா. ஜெர்மனில ரெண்டு கம்பெனி சேர்ந்து 1929-ல உருவான வி.டி.ஓ.வோட வழக்கப்படி ஜீரோவுல 10 ஓம், முழு அழுத்தத்துல 180 ஓம். அமெரிக்க வழக்கம் நேர் எதிர்: ஜீரோவுல 240, முழுசுல 33. கடைல கிடைச்சதை வாங்கி இதுல அதைப் போட்டா முள்ளு தலைகீழா ஆடும். ஜெர்மன் வழக்கத்துல ஒயர் அறுந்தா முள்ளு முழுசுக்குப் போய் ஒட்டிக்கும், ஒயர் உரசி பாடில பட்டா ஜீரோ காட்டும். அதாவது என்ஜினுக்கு ஒண்ணுமே ஆகாம முள்ளு சாகலாம், என்ஜின் சாகும்போது முள்ளு ஜம்முனு நிக்கலாம். நம்ம ஆபீஸ் பாஷைல சொன்னா, செர்வர் படுத்துச்சா, இல்ல மானிட்டரிங் படுத்துச்சான்னு ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற அதே கேள்வி.

இந்த மீட்டர், யூனிட் எல்லாம் நம்ம பக்கத்துலயே செய்ய ஆரம்பிச்சது 1970கள்ல. கோவை பெரியநாயக்கன்பாளையத்துல ஆரம்பிச்ச பிரீமியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், சுருக்கமா பிரிக்கால். எங்க ஊர்ல இருந்து ஒன்றரை ரெண்டு மணி நேரம். கொங்கு நாடுன்னா மோட்டார் பம்ப்பும் நூல் மில்லும்னு மட்டும் எழுதுறோம். நாட்டுல ஓடுற எத்தனையோ வண்டியோட டேஷ்போர்டு இங்கிருந்து போனதைப் பத்தி யாரும் எழுதின மாதிரி தெரியலை.

பட்டறைக்குத் திரும்புவோம். பெரியவர் மாத்தின விதத்தை எழுதி வைக்கணும்னு தோணுச்சு. ஒயர் முனையை முதல்ல என்ஜின் பாடில தொட்டுக் காட்டினார், முள்ளு ஜீரோவுக்கு வந்தது. எடுத்தா முழுசுக்குப் போச்சு. ஆக ஒயரும் மீட்டரும் நல்லாருக்கு. புது யூனிட் வாங்கும்போது பழசைக் கையோட கொண்டு போகச் சொன்னார், திரெட்டும் ஓம் அளவும் ஒத்துப் போகணும்ல. மாட்டும்போது ஸ்பேனரை அடில இருக்குற ஆறு பட்டைல மட்டும்தான் போட்டார். மேல இருக்குற டப்பாவைப் பிடிச்சுத் திருகினா மெல்லிய தகடு பிதுங்கி அன்னிக்கே யூனிட் காலி. பக்கத்துல இருந்த பையன் டெஃப்லான் டேப்பை எடுத்துட்டு வர, 'அதச் சுத்துனா எர்த்து எங்கடா கெடைக்கும்?'னு ஒரு அதட்டல். எர்த் திரெட் வழியாத்தான் வரணும். நானும் வாயை மூடிக்கிட்டு கத்துக்கிட்டேன். யூனிட் ஆயிரம் ரூபாய்க்குள்ள, கூலி முன்னூறு. சித்தப்பா ஐநூறா கொடுத்தார்.

அடுத்த தலைமுறை வண்டில இந்தக் கதை மாறிடுச்சு. 2017 ஏப்ரல்ல பி.எஸ்.4, 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 நாடு முழுக்க வந்தப்புறம் புது லாரி எல்லாம் கம்ப்யூட்டர் வண்டி. ஆயில் பிரஷர் சென்சாருக்கு மூணு ஒயர், அஞ்சு வோல்ட், அது பேசுறது டிரைவர்கிட்ட இல்லை, ஈ.சி.யு.கிட்ட. பிரஷர் விழுந்தா சில வண்டில ஈ.சி.யு. தானாவே என்ஜின் பலத்தைக் குறைச்சுடும். எங்க தாத்தா வண்டில அப்படி ஒண்ணு இருந்திருந்தா அந்தக் காடு போனதோட நின்னிருக்கும், கடனாவது மிஞ்சியிருக்காது. ஆனா சென்சார் பொய் சொன்னாலும் வண்டி நடுரோட்டுல படுக்கும், தட்டினா எழுந்துக்காது.

புது வண்டிக்கு என்ன பண்ணுவீங்கன்னு பெரியவர்கிட்ட கேட்டேன். லேப்டாப் வெச்சிருக்கற பையன் ஒருத்தன் வருவானாம், கோடு படிச்சு சென்சார் ஃபால்ட்டுன்னு சொல்வானாம். 'அவஞ் சொன்னப்பறமும் நாங் கழட்டிப்போட்டு இதத்தான் மாட்டிப் பாப்பனுங் தம்பி'ன்னுட்டு, டியூப்ல மிச்சமிருந்த ஆயிலை வேஸ்ட் துணில ஒத்தி எடுத்து, வட்ட மீட்டரைத் திரும்ப ஆணில மாட்டினார். வேஸ்ட் துணி என்ன, பனியன் கட்டிங்தான். எங்க ஊர்ல வேற எது கிடைக்கும்?