பிறைச் செய்தி வந்த வழி

பாலைவனத்து நாட்டுப்புற அரபி ஒருவர் மதீனாவுக்கு வந்து, தாம் பிறையைக் கண்டதாகப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் தெரிவித்தார். அவருடைய ஈமானைப் பற்றிக் கேட்டறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், மறுநாள் நோன்பு நோற்குமாறு மக்களுக்கு அறிவிக்கும்படி பிலால் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள இந்நிகழ்ச்சியை ரமலான் நெருங்கும்போதெல்லாம் நம் மேடைகளில் கேட்கிறோம். ஆயினும் இதில் இருவர் இருக்கின்றனர் என்பதைக் கவனிப்போர் குறைவு. கண்டவர் ஒருவர்; அறிவித்தவர் வேறொருவர். இருவருக்கும் இடையே, கண்டவரின் சொல்லை எடைபோட்டு ஏற்றுக்கொண்டவர்கள் பெருமானார் (ஸல்). பிலால் (ரலி) அவர்கள் பிறையைப் பார்த்தவரல்லர். நீர் கண்டீரா என்று அவர்களிடம் எவரும் கேட்கவுமில்லை.

தந்தி, வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி என்று ஒவ்வொரு புதுக்கருவி வரும்போதும் நம் சமுதாயத்தில் எழுந்த பிறை வழக்குகளில் பெரும்பாலானவை, இந்த இருவரையும் ஒருவராக எண்ணிக் குழம்பியதால் வந்தவையே என்பது என் துணிபு.

பழைய புகஹாக்கள் குழம்பவில்லை. ஹனபி மத்ஹபின் பிற்கால மேதையான இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் 1836ஆம் ஆண்டில் திமிஷ்கில் மறைந்தவர்கள். நகரத்தில் பிறை உறுதியானதும் பீரங்கி வெடிப்பது அந்நாளைய வழக்கம். அந்த ஓசை காதில் விழுந்த சுற்றுக் கிராமத்தார் நோன்பு நோற்க வேண்டும் என்பது அவர்களுடைய தீர்ப்பு. பீரங்கிக்கு ஈமான் உண்டா? நேர்மை உண்டா? காஜியின் முன் அது சாட்சி சொல்லுமா? இவை எழாத கேள்விகள். ஏனெனில் பீரங்கி சாட்சியன்று. தீர்ந்துபோன வழக்கின் முடிவை ஊருக்குச் சொல்லும் வாய். ஷாபிஈ மத்ஹபின் நூல்களிலும், ரமலான் பிறந்துவிட்டதற்கு அடையாளமாக மனாராக்களில் ஏற்றப்படும் விளக்குகள் பேசப்படுகின்றன. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் முழங்கிய நகராவும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. தேனாம்பேட்டையிலிருந்து அண்ணா சாலை வழியே வடக்கே சென்றால் வரும் ஆயிரம்விளக்குப் பகுதிக்குப் பெயர் தந்ததும் ஒரு பள்ளிவாசலின் விளக்குகள்தாம். அவை பிறைக்காக ஏற்றப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. பள்ளிவாசலின் வெளிச்சம் ஒரு வட்டாரத்தின் பெயராக நிலைத்த அழகுக்காகச் சொன்னேன்.

செய்தி மெதுவாக வந்த காலத்தில் தொல்லையும் குறைவாக இருந்தது. குறைப் (ரஹ்) என்பார் சிரியாவுக்குப் போயிருந்தபோது அங்கே வெள்ளி இரவில் பிறை காணப்பட்டது. மாத இறுதியில் மதீனா திரும்பியவர் அதைச் சொன்னார். நாங்கள் சனி இரவில்தான் கண்டோம், எங்கள் கணக்குப்படியே செல்வோம் என்ற கருத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்த ஹதீஸைக் கொண்டே, தொலைதூர ஊரின் பிறை நம்மைக் கட்டுப்படுத்தாது என்று ஷாபிஈ அறிஞர்கள் சட்டம் வகுத்தனர். ஹனபி மத்ஹபின் பிரபலமான கூற்றோ வேறு. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சிரியாச் செய்தி மதீனாவை அடைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. நோன்பு முடியும் தறுவாயில் வந்த செய்தி அது. அதே செய்தி அன்றிரவே வந்திருந்தால்? அந்த 'அன்றிரவே' என்பதுதான் நம் காலத்தின் வழக்கு.

செய்தியைத் தேடி மனிதன் அலைந்த காலம் ஒன்றிருந்தது. ஜாபிர் பின் அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு ஹதீஸைக் கேட்டவர் வாயிலாகவே கேட்பதற்காக ஒரு மாதப் பயணம் போனார்கள். அவர் சொன்னார், இவர் சொன்னார் என்ற சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்த சமுதாயம் இது. தீர விசாரியுங்கள் என்ற கட்டளை சூரத்துல் ஹுஜுராத்தில் இருக்கிறது. அதை ஒரு கலையாகவே வளர்த்து, அறிவிப்பாளர்களின் வாழ்க்கை வரலாறுகளை நூல் நூலாக எழுதிவைத்தார்கள் நம் முன்னோர்.

நம் தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களில் செய்தி கப்பலேறி வந்தது. கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள் அரபுத்தமிழில் இருந்தன. பள்ளிக்கூடம் அறியாத பெண்களும் குர்ஆன் ஓதிய பழக்கத்தால் அவற்றைப் படித்தனர். பின்னர் ஏடுகள் வந்தன. அறிஞர் சித்திலெவ்வை 1882ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் எகிப்தின் ஒராபி பாஷா ஆங்கிலப் படையிடம் தோற்றிருந்தார். 1883 ஜனவரியில் அவர் நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினார். உலகச் செய்தியின் நாயகனே வீட்டு வாசலுக்கு வந்து நின்ற பேறு வேறெந்தத் தமிழ் ஏட்டுக்குக் கிடைத்திருக்கும்? சிங்கப்பூரில் 1887இல் மகுதூம் சாயபு அவர்கள் 'சிங்கை நேசன்' வார இதழை நடத்தினார்கள். தமிழகத்தில் பா. தாவூத் ஷா அவர்கள் 1923 முதல் 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்திய காலமோ, துருக்கியையும் கிலாபத்தையும் பற்றிய செய்திக்காக மக்கள் ஏங்கிய காலம். ஏடு ஒன்று வந்தால், எழுத்தறிந்த ஒருவர் படிக்கச் சுற்றிலும் அமர்ந்து கேட்பர். செய்தியைக் கேட்பது அன்று கூட்டுச் செயலாக இருந்தது.

இதற்கிடையே தந்தி வந்திருந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு 1855இல் திறந்துவிடப்பட்ட தந்தி, 1870இல் கடலடிக் கம்பி வழியாகப் பம்பாயை ஏடன், சூயஸ் ஊடே இலண்டனோடு இணைத்தது. பிறை கண்டோம் என்று ஓர் ஊரிலிருந்து தந்தி வந்தால் ஏற்கலாமா? உலமாக்களில் பலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று இன்று எள்ளி நகையாடுவோர் அதன் காரணத்தை அறியார். திரைக்குப் பின்னிருந்து வரும் குரலைக் கேட்டுச் சாட்சி சொல்லக் கூடாது. ஒரு குரல் மற்றொரு குரலைப் போலிருக்கும் என்பது ஹனபி புகஹாக்களின் பழைய விதி. தந்தியிலோ குரலும் இல்லை; கையெழுத்தும் இல்லை. அனுப்பியவர் இன்னாரே என்பதற்கு எழுத்தர் ஒருவரின் பொறுப்பைத் தவிர வேறு சான்றில்லை. ஆகவே அவர்கள் கருவியை மறுக்கவில்லை; அது யாருடைய வாய் என்று கேட்டார்கள். 1911ஆம் ஆண்டையொட்டி, திமிஷ்கின் ஜமாலுத்தீன் காசிமி அவர்கள் தந்திச் செய்தியை ஏற்கலாம் என்று தனி நூலே எழுதினார்கள். எகிப்தின் முப்தி பகீத் அவர்களும் பிறையை உறுதிசெய்வது பற்றி அக்காலத்தில் விரிவாக எழுதினார்கள். நம் துணைக்கண்டத்தில் முப்தி முஹம்மது ஷபீ (ரஹ்) அவர்கள் புதுக்கருவிகளின் சட்டங்களைத் தனியே ஆராய்ந்து தந்தார்கள். இவர்களெல்லாம் பிரித்துக் காட்டியது ஒன்றுதான்: கபர் என்னும் அறிவிப்பு வேறு, ஷஹாதத் என்னும் சாட்சியம் வேறு. வானம் மூட்டமாக இருக்கையில் ரமலான் பிறைக்கு நேர்மையான ஒருவரின் அறிவிப்பு போதும். ஷவ்வாலுக்கோ இருவரின் சாட்சியம் வேண்டும். ரமலானின் முதலிரவை விடப் பெருநாள் இரவில் ஊர் அதிகமாகக் கலங்குவதன் காரணம் இங்கே இருக்கிறது.

கிலாபத் 1924 மார்ச் 3ஆம் நாள் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 31ஆம் நாள் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் அமைந்த வானொலிக் கழகம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. உலக முஸ்லிம்களுக்குப் பொதுவாக அறிவிக்க ஒரு கலீபா இல்லாமற்போன ஆண்டிலேயே, ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் அறிவிக்கும் கருவி நம் நகருக்கு வந்தது! பணமுடையால் அக்கழகம் 1927இல் ஓய்ந்தது. அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் ஒலிபரப்பை நடத்தியது. வீட்டில் பெட்டி இல்லாதவர்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் பேசின. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் திறக்கப்பட்டது; மறு ஆண்டு திருச்சி நிலையம் வந்தது.

வானொலி நமக்கு இரண்டு கொடைகள் தந்தது. ஒன்று, இசைமுரசு நாகூர் ஹனிபா அவர்களின் குரல். தர்கா முற்றத்திலும் மாநாட்டுப் பந்தலிலும் ஒலித்த அக்குரலைப் பிற சமயத்துச் சகோதரர் இல்லங்களுக்கும் கொண்டு சேர்த்தவை வானொலியும் இசைத்தட்டும்தான். எத்தனை சொற்பொழிவுகளால் ஆகாத நட்பு அதனால் ஆயிற்று! மற்றொன்று, காஜியின் அறிவிப்பு. 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டப்படி அரசு நியமிக்கும் காஜி, சாட்சிகளை விசாரித்து முடிவு செய்ய, அதை வானொலி ஊருக்குச் சொன்னது. இங்கே வானொலிதான் பிலால். பெட்டியில் பேசுபவர் எம்மதத்தவர் என்ற ஆராய்ச்சி தேவையற்றது. யாருடைய தீர்ப்பைச் சொல்கிறார் என்பதே கேள்வி. தென்கரை ஊர்களிலோ சென்னையை விடக் கொழும்பு தெளிவாகக் கேட்டது. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையை அங்கே வீட்டு வானொலியாகவே கருதினர்.

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆவலில்லை. சென்னையில் அது 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கியது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு ஐம்பது நாள் கடந்திருந்த வேளை அது. கண்ணுக்குப் படம் வந்தபோது பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டிருந்தது. வெள்ளி மாலையின் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்காகப் பெட்டி உள்ள வீட்டில் தெருவே கூடியது. ஜும்ஆ நாளின் மாலைப்பொழுது திரைப்பாட்டுக்குப் போயிற்றே என்று பெரியவர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானதே. எனினும் அண்டை வீட்டாரின் திண்ணையில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும். 1992 டிசம்பர் 6ஆம் நாள் பாபரி பள்ளிவாசல் இடிக்கப்பட்டபோது, அரசுப் பெட்டி தயங்கித் தயங்கிச் சொன்னதை விட்டுவிட்டு நம் வீடுகள் பிபிசியின் பக்கம் காதைத் திருப்பின. ஒரு பெட்டி எவ்வளவு படம் காட்டினாலும், நம்பிக்கை போய்விட்டால் மனிதன் குரலை மட்டும் தேடிப் போவான் என்பதை அன்று கண்டோம்.

1993 ஏப்ரல் 14ஆம் நாள் சன் தொலைக்காட்சி பிறந்தது. தேனாம்பேட்டையில் 1987இல் திறக்கப்பட்ட அண்ணா அறிவாலய வளாகம்தான் பல ஆண்டுகள் அதன் இருப்பிடம். 2007இல் கலைஞர் தொலைக்காட்சியும் அங்கிருந்தே எழுந்தது. அரசு மாளிகையிலிருந்து மட்டும் வந்த செய்தி, அண்ணா சாலை ஓரத்துக் கட்டடம் ஒன்றிலிருந்து விண்வழியே சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகத் தொடங்கியது. துபாயில் உழைக்கும் மகனும் ஊரிலிருக்கும் தாயும் ஒரே செய்தியை ஒரே வேளையில் பார்த்தனர். அதே தேனாம்பேட்டையில்தான் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் 1955இல் நிறுவிய மகளிர் கல்லூரியும் இருக்கிறது. அரபுத்தமிழ் மட்டுமே அறிந்த பாட்டிமாரின் பேத்திகள் அங்கே பட்டம் பெற்றனர். செய்தியைப் படிக்கக் கற்றவர்கள் செய்தியை எழுதவும் ஆக்கவும் போதிய அளவில் முன்வந்தார்களா என்று கேட்டால், எனக்கு மகிழ்ச்சியான விடை கிடைக்கவில்லை. தனியார் தொலைக்காட்சிகளில் நமக்குக் கிடைத்த நேரம் எது? ரமலானின் சஹர் நேரம். ஊர் உறங்கும் வேளையைக் காசு கொடுத்து வாங்கினோம். அந்த நேரத்தையும் ஒரு சாரார் மற்றொரு சாராரின் பிறையை மறுத்துரைக்கச் செலவிட்டதுண்டு.

ஏனெனில் அதற்குள் பிறை பலவாகிவிட்டது. மக்காவின் தராவீஹ் தொழுகையை நேரலையில் பார்க்கும் வீட்டில், அங்கே முதல் நோன்பு என்றால் இங்கே ஏன் இல்லை என்று பிள்ளை கேட்கிறது. சவூதி அறிவிப்பைப் பின்பற்றுவோர் ஒரு சாரார். வானியல் கணக்கைப் பின்பற்றுவோர் ஒரு சாரார். காஜியின் அறிவிப்பைப் பின்பற்றும் பெரும்பான்மையினர் ஒரு பக்கம். ஒரே தெருவில் ஒரு வீட்டில் பெருநாள் பிரியாணி, அடுத்த வீட்டில் நோன்புக் கஞ்சி. இருபத்தொன்பதாம் இரவில் கைப்பேசியில் வந்து குவியும் செய்திகளோ, யார் கண்டது, எங்கே கண்டது, யாரிடம் சொன்னார் என்ற மூன்றுக்கும் விடையின்றி, எல்லோருக்கும் அனுப்புங்கள் என்ற ஆணையோடு மட்டும் வருகின்றன. கண்டவரும் இல்லை, எடைபோட்டவரும் இல்லை, அறிவிப்பவர் மட்டும் ஆயிரம் பேர். அறிவிப்பாளர் யாரென்றே தெரியாத செய்தியை முஹத்திஸ்கள் எங்கே வைத்தார்கள் என்பதை மதரஸாவின் இளம் மாணவனும் சொல்லிவிடுவான்.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தபோது இவ்வழக்கு வேறொரு வடிவம் எடுத்தது. தொலைக்காட்சியில் தெரியும் இமாமைப் பின்பற்றி வீட்டில் தொழலாமா என்று பலர் கேட்டனர். கூடாது என்றே ஆலிம்கள் விடையளித்தனர். செய்தியைச் சுமக்கும் கருவி ஜமாஅத்தைச் சுமக்காது. இமாமும் பின்பற்றுவோரும் ஓரிடத்தில் கூடியிருப்பது வேண்டும். வெளிச்சம் மட்டும் வந்தால் போதாது. மக்கள் அந்த விடையை ஏற்று, அவரவர் வீட்டில் மகனோ தகப்பனாரோ இமாமாக நிற்கத் தராவீஹ் தொழுதனர். குர்ஆனில் சில சூராக்களையே மனனம் செய்திருந்த தகப்பன்மார் பலர் அந்த மாதத்தில் மேலும் சிலவற்றை மனனம் செய்தார்கள்.

அவ்வாண்டு மே 23ஆம் நாள் மாலையில் தமிழகத்தில் பிறை தென்படவில்லை. முப்பது நாளை நிறைவு செய்து 25ஆம் நாள் பெருநாள் என்று காஜியின் அறிவிப்பு வந்தது. நோன்பை ஒரு நாள் முன்னதாகத் தொடங்கிய கேரளத்தில் 24ஆம் நாளே பெருநாள். பாலக்காட்டுக் கணவாய்க்கு மேற்கே தக்பீர் முழங்கிக்கொண்டிருக்க, கிழக்கே கோவையில் நோன்பு தொடர்ந்தது. அங்கிருந்த உறவினர் காணொளி அழைப்பில் பெருநாள் வாழ்த்துச் சொல்ல, இங்கிருந்தோர் நோன்பு வாயோடு பதில் வாழ்த்துச் சொல்லிவிட்டு இப்தாருக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தனர்.