கொழுத்த கன்றைத் தேடி வரும் நோய்!

காங்கரின் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சர்க்கரை நோயாளியின் கால் விரல். கறுத்து, மெள்ள மெள்ள அழுகி, 'எடுத்துடறதுதான் நல்லது' என்று டாக்டர் சொல்கிற வரை கொஞ்சம் அவகாசமாவது தரும். மாடுகளுக்கு வரும் ஒரு காங்கரினிடம் அந்தக் கருணையெல்லாம் கிடையாது. இன்று நொண்டுகிற கன்று, நாளை மறுநாள் இருக்காது! நம் கிராமங்களில் இதற்குப் பெயர் சப்பை நோய்.

கண்டுபிடிக்கக் கை போதும். காய்ச்சல், நொண்டல், தொடையிலோ தோளிலோ திடீர் வீக்கம். முதலில் அந்த இடம் சுடும். தொட்டால் கன்று துடிக்கும். சில மணி நேரத்தில் ஜில்லென்று ஆகிவிடும். வலியும் இருக்காது. 'அப்பாடா, குறைஞ்சிடுச்சு' என்று நினைத்தால் போச்சு... சதை செத்துவிட்டது என்று அர்த்தம்! அழுத்தினால் தோலுக்கடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி நறநறவென்று சத்தம். கிருமிகள் உள்ளே கிளப்பிவிட்ட வாயு அது.

கொடுமை என்னவென்றால், சாவது பெரும்பாலும் நோஞ்சான் கன்று அல்ல. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள், மந்தையிலேயே கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்துத் தூக்கும். ('கண்ணு பட்டுடுச்சு' என்று ஜனங்கள் நம்பியதில் ஆச்சரியம் என்ன?)

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்குச் செய்யாத வைத்தியமில்லை. ரத்தத்தை வடித்தார்கள். கழுத்துத் தொங்கு சதையைத் துளைத்துக் கயிறு கோத்துவிட்டார்கள். நோய் கண்ட மாட்டை ஓட ஓட விரட்டினார்கள், பாவம்! நோயின் பெயரிலேயே குழப்பம் வேறு. இதுவும் அடைப்பான் எனும் ஆந்த்ராக்ஸும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தார்கள். 1870-களின் நடுவில்தான் போலிங்கர், ஃபேசர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 'அது வேறு, இது வேறு' என்று பிரித்துக் காட்டினார்கள்.

அடுத்த காட்சி, பிரான்ஸின் லியோன் நகரம். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி அங்கேதான் தொடங்கியது. அங்கே ஆசிரியர்களான ஆர்லுவான், கோர்ன்வான் இருவரும், தோமா என்ற கிராமத்து மாட்டு டாக்டரும் கூட்டுச் சேர்ந்தார்கள். 1880 வாக்கில் அவர்களுக்கு ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. கிருமியைச் சதையில் ஏற்றினால் மாடு சாகிறது. அதையே ரத்தக்குழாயில் ஏற்றினால், லேசான காய்ச்சலோடு சரி! அதுமட்டுமல்ல... அப்படிப் பிழைத்த மாட்டுக்குப் பிறகு சதையில் ஏற்றினாலும் ஒன்றும் ஆகவில்லை!

காரணம், இது காற்றுக்குப் பயந்த கிருமி. ஆக்ஸிஜன் ஓடும் ரத்தத்தில் அதற்கு வேலையில்லை. மண்ணில் வருஷக்கணக்கில் வித்தாகத் தூங்கும். புல்லோடு உள்ளே போகும். சதையில் சத்தம் போடாமல் படுத்துக்கிடக்கும். கன்று எங்காவது இடித்துக்கொண்டு, அடிபட்ட சதைக்கு ரத்தம் சரியாகப் போகாவிட்டால், விழித்துக்கொள்ளும்.

ஊர் ஊராகப் போய் மாட்டின் ரத்தக்குழாயைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? மூவரும் வேறு வழி பார்த்தார்கள். செத்த மாட்டின் சதையை உலர்த்திப் பொடித்து, மணிக்கணக்கில் சூடேற்றிக் கிருமியின் கொட்டத்தை அடக்கினார்கள். முதல் ஊசிக்கு அதிகச் சூட்டில் அடக்கிய பொடி, இரண்டாவதற்குக் கொஞ்சம் வீரியமானது. போட்ட இடம்தான் வேடிக்கை... வால் நுனி! அங்கே சூடும் கம்மி, சதையும் கம்மி. கிருமி தலைதூக்குவது கஷ்டம். அந்தக் கிருமிக்குத் தங்கள் பள்ளியின் பெரியவர் ஷோவோவின் பெயரையும் சூட்டினார்கள். நல்ல குருதட்சணை!

அடைப்பான் தடுப்பூசிக்காக பாஸ்டரை உலகமே கொண்டாடியது. இந்த மூவரை யாருக்கு ஞாபகம்? ஆனால், 1897-ல் அமெரிக்க விவசாயத் துறை சப்பை நோய்த் தடுப்பூசியைப் பண்ணைக்காரர்களுக்கு இலவசமாகவே அனுப்ப ஆரம்பித்தது.

வைத்தியம்? சத்தம் கேட்பதற்கு முன்பே, முதல் நொண்டலிலேயே டாக்டர் வந்து பெனிசிலினைப் பெரிய அளவில் ஏற்றினால் சில கன்றுகள் தப்பும். தாமதமானால் கஷ்டம்தான். செத்த கன்றின் தோலை உரிக்க ஆசைப்படக் கூடாது. அறுத்தால் வித்துகள் மேய்ச்சல் நிலமெங்கும் பரவும். அப்படியே ஆழமாகக் குழிவெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும். உடனே மற்ற கன்றுகளுக்கு ஊசி!

அந்த ஊசி மருந்து நமக்குத் தூரத்துச் சமாசாரமில்லை. ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அதைத் தயாரித்துவந்திருக்கிறது. வருஷம் ஒரு தடவை, மழைக்காலத்துக்கு முன்னால் போட வேண்டும். வாலில் இல்லை, தோலுக்கடியில்.