காட்டுக்கு யார் அரண்?

நாட்டின் அரணுக்குரிய உறுப்புகளை எண்ணிய வள்ளுவர், நீரும் நிலமும் மலையும் கூறியபின், நிழலடர்ந்த காட்டையும் அவற்றோடு சேர்த்தார். காடு நாட்டைக் காக்கும் என்பது பண்டையோர் கண்ட உண்மை. ஆனால், அக்காட்டைக் காப்பது எது? அரசிதழில் அச்சேறிய அறிவிப்பா? அன்றி, அதனை அறிந்த மக்களின் குரலா? மலேசியாவின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

போர்ட்டிக்சனை அடுத்த சி ரூசாவின் பெயரில் மானைக் குறிக்கும் மலாய்ச் சொல் நிலைத்திருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது, நெகிரி செம்பிலானின் காடுகள் பெருமளவில் தோட்டங்களாயின. அங்கே உழைத்த நம் முன்னோர், பால்மர நிரைகளையே காடு என்றழைத்துப் பழகினர். எனினும், நட்டு வளர்த்த நிரை வேறு. தானே தழைத்த காடு வேறு. பின்னர்ப் பால்மரம் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. கடலோரத்தில் இயற்கைக் காடு சிறு துண்டுகளாகவே எஞ்சியது.

அத்துண்டுகளுள் ஒன்று, சி ரூசாவுக்குத் தெற்கே கடலுள் நீண்டு நிற்கும் தஞ்சோங் துவான் முனை. 1606இல் டச்சுக்காரரும் போர்த்துகீசியரும் இதனருகே கடற்போர் புரிந்தனர். நெகிரி செம்பிலான் நிலம் சூழ்ந்திருப்பினும், இம்முனை மலாக்கா மாநிலத்திற்கு உரியது. 1971இல் இது வனவிலங்குக் காப்பிடமாயிற்று. ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, தேன்பருந்து முதலிய பறவைகள் சுமத்திராவிலிருந்து வடக்கே திரும்புகின்றன. அவற்றை உயரே தாங்குவது நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்று. கடல்மேல் அது வலுக்குன்றும். ஆதலின், நீரிணையைக் கடந்து களைத்து வரும் பறவைகளுக்கு இக்காடே முதற் புகலிடம்.

காப்பிடம் என்று அறிவித்தாயிற்றே, இனி அச்சமில்லை என நாம் எண்ணலாகாது. நம் அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநில அரசுகளின் பொறுப்பு. ஓர் அறிவிப்பால் காக்கப்படும் காடு, மற்றோர் அறிவிப்பால் கைவிடப்படவும் கூடும்.

1977இல் பகாங் மாநில அரசு, தேசியப் பூங்காவுக்கெனக் கருதப்பட்டிருந்த எண்டாவ் ரொம்பின் காட்டில் மரம் வெட்ட உரிமம் வழங்கியது. மலேசிய இயற்கைக் கழகமும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் பிறவும் எதிர்த்தெழுந்தன. மக்களின் எதிர்ப்பு வலுக்கவே, வெட்டு நின்றது. 1985–86இல் அக்கழகம் அறிஞர்களையும் தொண்டர்களையும் அக்காட்டினுள் அழைத்துச் சென்று, அதன் உயிர்வளத்தை நாடறியச் செய்தது. 1993இல் ஜொகூர்ப் பகுதி பூங்காவாயிற்று.

அண்டை மாநிலமான சிலாங்கூரின் வரலாறு இன்னும் அண்மையது. அங்கு, காப்புக்காட்டை விடுவிக்குமுன் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. 2020 பிப்ரவரியில், வட கோல லங்காட் சதுப்புக் காட்டில் ஏறத்தாழ 930 ஹெக்டரை விடுவிக்கும் அறிவிப்பு வெளிவந்தது. அக்காட்டோரத்தில் வாழும் தெமுவான் மக்கள் முன்னின்றனர். 45,000க்கு மேற்பட்ட எதிர்ப்புகள் குவிந்தன. அவற்றையும் மீறி, காட்டின் ஒரு பெரும் பகுதி விடுவிக்கப்பட்ட செய்தி 2021 ஆகஸ்டில் வெளியாயிற்று. மக்கள் ஓயவில்லை. செப்டம்பரில் அம்முடிவு கைவிடப்பட்டது.

இவ்விரு போராட்டங்களும் புலப்படுத்தும் உண்மை ஒன்றுண்டு. ஆபத்து வந்தபின் காட்டை அறியத் தொடங்குவோர்க்குக் காலம் போதாது. தெமுவான் மக்கள் உடனே குரல் கொடுக்க இயன்றது, அக்காடு அவர்தம் வாழ்வாக இருந்தமையால். அறியாத காட்டுக்காக எவரும் கையெழுத்திடார்.

தோட்டத்து நிலம் அதில் உழைத்த நம்மவர்க்குப் பெரும்பாலும் உரியதாய் இருந்ததில்லை. துரைமார் நிலமாகவும் நிறுவனங்களின் நிலமாகவும் அது கைமாறியது. பொதுக் காடோ குடிமக்கள் யாவர்க்கும் உரிய செல்வம். அவ்வுரிமையை நம் மாணாக்கர் அறிதல் வேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் தஞ்சோங் துவானில் பருந்து காணும் விழாவை இயற்கைக் கழகம் நடத்தி வந்துள்ளது. மார்ச்சுத் திங்களில் ஒருநாள் மாணாக்கரை அம்முனைக்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர், குறிஞ்சியும் முல்லையும் கற்பித்ததோடு அமையாது, நாளை எழவேண்டிய குரலுக்கும் வித்திட்டவராவார். நாட்டுக்குக் காடு அரண். காட்டுக்கோ அதனை அறிந்த மக்களே அரண்.