பரிசு தந்தார்கள், பக்கத்தில் இடம் தரவில்லை

நம்ம கல்லூரி விழாவில் பரிசு வாங்குகிறவரை முன்வரிசையில் உட்கார வைப்போம், இல்லையா? 1940 பிப்ரவரி 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஆஸ்கார் விழாவில் நடந்ததே வேறு!

'கான் வித் த விண்ட்' படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் அன்று சிறந்த துணை நடிகை. ஆஸ்கார் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். ஆனால் விழா நடந்த அம்பாசடர் ஹோட்டலில் கறுப்பர்களுக்கு அனுமதி கிடையாது. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் கேட்டுக்கொண்டதால் உள்ளே விட்டார்கள். அப்பவும் சக நடிகர்களோடு இடமில்லை. சுவரோரமாகத் தனி மேஜை! இரண்டு மாதம் முன்பு அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கும் அவரால் போக முடியவில்லை.

அடுத்த கறுப்பின நடிகை, வூப்பி கோல்ட்பர்க், ஆஸ்கார் வாங்க 1991 வரை, 51 வருஷம் ஆச்சு.

1952-இல் மறைந்த ஹாட்டி, தம் விருதை வாஷிங்டனில் கறுப்பின மாணவர்கள் பெருவாரியாகப் படிக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார். அது பிறகு காணாமல் போச்சு. 2023-இல்தான் அகாடமி மாற்று விருது வழங்கியது.

இளைய மாணவ நண்பர்களே, கைதட்டுவது சுலபம். பக்கத்தில் இடம் கொடுப்பதுதான் உண்மையான மரியாதை!