தேனியில் ஒரு கண் பரிசோதனையும் காற்றில் போன குரலும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் டெக்னிக்கல் சமாச்சாரம் வரும், ஆனா கடிக்காது. :-)

2003 வாக்கில் நெட் சென்டரில் உட்கார்ந்து துபாயில் இருக்கும் அண்ணனோடு வாய்ஸ் சாட் செய்தவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். "நல்லா இருக்கியாண்ணே?"ன்னு கேட்டுட்டு மூணு விநாடி காத்திருக்கணும். பதில் வரலையேன்னு மறுபடி "ஹலோ"ன்னு சொல்லும்போதுதான் முதல் பதில் வந்து சேரும். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, கடைசியில் "இரு, நான் டைப் பண்றேன்"ன்னு முடியும். மணிக்கு முப்பது ரூபாய் அதுக்கு.

அதே காலகட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால், அதே தமிழ்நாட்டில், சின்னமனூரில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருக்கும் நோயாளியும் தேனி ஆஸ்பத்திரியில் இருக்கும் கண் டாக்டரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கம்பி கிடையாது. டெலிபோன் கம்பெனி கிடையாது. லேப்டாப்பில் போடுகிற அதே ஜாதி வைஃபை அட்டைதான். இது எப்படி நடந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு பழைய கதை. இணையத்தில் குரல் அனுப்புவது ஏதோ 90-களில் வந்த சங்கதி என்று நிறைய பேர் நினைக்கிறோம். 1974-லேயே அர்ப்பாநெட்டில் குரலைப் பாக்கெட் பாக்கெட்டாக வெட்டி அனுப்பிப் பார்த்துவிட்டார்கள். அதில் முக்கியமான ஆள் டேனி கோஹன். அவர் விடாமல் சொன்னது ஒன்றுதான்: ஃபைல் வேறு, பேச்சு வேறு. ஃபைலில் ஒரு எழுத்து தொலைந்தாலும் தப்பு, ஆனால் லேட்டாக வந்தால் பரவாயில்லை. பேச்சில் ஒரு துண்டு தொலைந்தால் காது சமாளித்துக்கொள்ளும், லேட்டாக வந்தால்தான் பிரயோஜனமே இல்லை. அப்போது டிசிபி என்று ஒரே மூட்டையாக இருந்தது 1978 வாக்கில் டிசிபி, ஐபி என்று பிரிந்ததற்கும், பக்கத்தில் யூடிபி என்று ஒன்று வந்ததற்கும் இந்த வாதம் ஒரு முக்கியக் காரணம். இன்றைக்கு இணையத்தில் நாம் பேசும் பெரும்பாலான கால்கள் யூடிபியில்தான் போகின்றன.

கம்பியிலேயே இந்தப் பாடு என்றால் காற்றில் கேட்கவே வேண்டாம். காற்று பொதுச்சொத்து. ஒரே நேரத்தில் ரெண்டு பேர் பேசினால் ரெண்டும் கெட்டுப்போகும். அதனால் யாருக்கு எப்போது முறை என்பதுதான் மொத்தப் பிரச்சினையும். ரெண்டு வழி உண்டு. ஒன்று டாக்டர் கிளினிக் டோக்கன்: உன் நம்பர் வரும்போது நீ போ. இன்னொன்று டவுன் பஸ்: இடம் இருக்கிற மாதிரி தெரிந்தால் ஏறு, இடித்துக்கொண்டால் இறங்கி மறுபடி முயற்சி பண்ணு. வைஃபை இந்த டவுன் பஸ் ரகம்.

நம்ம சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு 90-களின் பிற்பாதியில் செய்த கார்டெக்ட் டோக்கன் ரகம். வீட்டுக்குள் கையில் தூக்கிக்கொண்டு திரிகிற கார்ட்லெஸ் போனுக்காக ஐரோப்பாவில் உருவான டெக்ட் என்ற தரத்தை எடுத்து, பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு நீட்டினார்கள். நடுவில் ரிலே வைத்தால் 25 கிலோமீட்டர். குரலுக்கு 32 கேபிபிஎஸ், கூடவே இணையத்துக்கு 35 அல்லது 70 கேபிபிஎஸ். பேசிக்கொண்டே நெட் பார்க்கலாம், அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். ஆனால் இதில் குரல் இணையத்தில் போகவில்லை. குரல் தனியாக டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும், டேட்டா தனியாக இணையத்துக்கும் பிரித்து அனுப்பப்பட்டது. 2001-லிருந்து மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்களில் சாரி திட்டத்தின் கியாஸ்க்குகள் இதை வைத்துத்தான் ஓடின. வெப் கேமராவில் கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஈமெயிலில் அனுப்பினார்கள். முகம் பார்த்துப் பேச அந்தக் குழாய் பத்தாது. சில வருடங்களில் அந்த கியாஸ்க்குகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன, அது தனிச் சோகம்.

இப்ப தேனி. அரவிந்த் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஒரு கவலை. இலவச முகாம் போட்டால் கூட்டம் வருகிறது, சரி. ஆனால் முகாம் என்பது எப்போதோ ஒரு நாள். மற்ற நாட்களில் கண்ணில் ஏதாவது என்றால் கிராமத்து ஆள் பஸ் பிடித்து டவுனுக்கு வரணும். ஒரு நாள் கூலி போச்சு, துணைக்கு வருபவருக்கும் கூலி போச்சு. அதனால் "சரியாப் போயிரும்"னு விட்டுவிடுவார்கள். கண்ணில் அப்படி விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குத்தான் விஷன் சென்டர். அங்கே டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் (பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்) கண்ணைச் சோதித்து, படம் எடுத்து, பிறகு தேனியில் இருக்கும் டாக்டரை வீடியோவில் கூப்பிடுவார். கண்ணாடி போதுமா, சொட்டு மருந்தா, நேரில் வரணுமா என்று டாக்டர் நோயாளியிடமே பேசிச் சொல்லிவிடுவார்.

இதற்கு இணைப்பு போட்டுக் கொடுத்தது பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் நடத்திய டையர் குழு. ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம் மாதிரி ஊர்களிலிருந்து தேனிக்கு வைஃபை. ஒரு கிலோமீட்டரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் வரை தாவல்கள், நேர்ப்பார்வை கிடைக்காத இடங்களில் நடுவில் ரிலே. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வெளியிடங்களிலும் லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய அரசு சொன்னதும் இந்த மாதிரி வேலைகளுக்கு வசதியாகப் போனது.

ஆனால் வைஃபை வீட்டுக்காகச் செய்தது. ஒரு பாக்கெட் அனுப்பினால் "வந்துருச்சு"ன்னு உடனே பதில் வரணும். ரேடியோ அலை பதினைந்து கிலோமீட்டர் போக 50 மைக்ரோவிநாடி, திரும்பி வர இன்னொரு 50. சில நூறு மீட்டரை மனதில் வைத்துச் செய்த அட்டைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே "தொலைஞ்சு போச்சு"ன்னு முடிவு கட்டி மறுபடி அனுப்பும். நம்ம துபாய் சாட் கதைதான், ஆனா விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. ரிலே கோபுரத்தில் இன்னும் மோசம். ரெண்டு ஆன்டெனா ரெண்டு திசை பார்த்து நிற்கும். ஒன்று கத்தும்போது பக்கத்தில் இருப்பது காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் என்ன கேட்கும்?

பேச்சுக்கு இது ரொம்பவே ஒத்துவராது. ஒரு கால் என்றால் விநாடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 20 மில்லிவிநாடிப் பேச்சு. ஜி.729 முறையில் சுருக்கினால் அந்தப் பேச்சு வெறும் 20 பைட். அதன்மேல் ஒட்டும் முகவரிச் சீட்டு 40 பைட்! கடிதத்தைவிடக் கவர் கனம். அதனால்தான் 11 எம்பிபிஎஸ் வைஃபையில், சுருக்காத ஜி.711 கால்கள் கூட காகிதக் கணக்குப்படி அறுபதுக்கு மேல் போகணும், நடைமுறையில் ஒரு டஜன் தாண்டினாலே திணறும்.

பெர்க்லிக்காரர்கள் செய்தது, டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டு டோக்கன் கொடுத்தது. வைஃபை அட்டையின் முறைவைப்பை மென்பொருளில் மாற்றி, இந்த நேரம் நீ பேசு, அந்த நேரம் அவன் பேசட்டும் என்று காலத்தைப் பங்கு போட்டார்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதில் கேட்காமல் மொத்தமாக ஒரே பதில். ஒரே கோபுரத்து ஆன்டெனாக்கள் எல்லாம் ஒன்றாக அனுப்பும், ஒன்றாகக் கேட்கும். (இந்த யோசனையை இதற்கு முன்னாலேயே ஐஐடி கான்பூரில் பாஸ்கரன் ராமன், காமேஸ்வரி செப்ரோலு இருவரும் 2பி என்று எழுதியிருந்தார்கள். கங்கைச் சமவெளிக் கிராமங்களில் வைஃபை வழியாக போன் கொடுக்க முயன்றவர்கள் அவர்கள்.) தொலைந்த பாக்கெட்டை மறுபடி கேட்பதா, முன்கூட்டியே கூடுதல் தகவலை ஒட்டி அனுப்பிவிடுவதா என்பதையும் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். கோஹன் 70-களில் சொன்னதேதான், காலமும் சாதனமும் மட்டும் வேறு. 2007-ல் வைல்ட்நெட் என்ற பெயரில் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சாதாரண வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு வேகம். அதே வருடம் வெனிசுவேலாவில் எர்மானோ பியத்ரோசெமோலி இந்த மென்பொருளை வைத்து 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இழுத்துக் காட்டினார்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வருடம் அதே குழு எழுதிய இன்னொரு கட்டுரை. அதில் அலைவரிசைப் பெருமையை விட ஒப்புதல் வாக்குமூலம்தான் அதிகம். இணைப்பு படுத்துக்கொண்டதற்குப் பெரும்பாலும் காரணம் ரேடியோ இல்லை, கரண்டு! வோல்டேஜ் ஏறி இறங்கி போர்டு எரிந்தது. திடீர்னு கரண்டு போய், மெமரி கார்டில் இருப்பது கெட்டுப்போனது. சரி பண்ண ஒவ்வொரு தடவையும் அமெரிக்காவிலிருந்து ஆராய்ச்சி மாணவர் பறந்து வர முடியுமா? அதனால் உள்ளூர் ஊழியர்களுக்குப் பழக்கிவிட்டதும், கரண்டைச் சீராக்க ஒரு சின்னப் பெட்டி செய்ததும்தான் அந்த நெட்வொர்க்கை உயிரோடு வைத்தன. நம்ம ஊரில் வளர்ந்த யாரைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே "ஸ்டெபிலைசர் வாங்குங்க சார்"னு சொல்லியிருப்போம். :-)

இதே சமயத்தில் பெரிய கம்பெனிகள் வைமாக்ஸ் வரும் வரும் என்று பாடிக்கொண்டிருந்தன. அதிலும் டோக்கன்தான், குரலுக்கென்றே முன்பதிவு செய்த இடம் இருந்தது. கொரியாவில் 2006-ல் வைப்ரோ என்று வந்து 2018 கடைசியில் மூடினார்கள். அமெரிக்காவில் 2016-லேயே கதை முடிந்தது. எல்டிஈ ஜெயித்தது.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லணும். இந்தியாவில் இணையத் தொலைபேசி 2002 ஏப்ரல் 1-லிருந்துதான் அனுமதி, அதுவும் அரைகுறை. கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம், பக்கத்துத் தெரு போனுக்குப் பேசக்கூடாது! உள்நாட்டு போன்களுக்கும் வழி தெளிவானது 2018-ல். அதற்குள் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, 2ஜி, 3ஜி எதுவுமே இல்லாமல் எல்லாக் காலையும் 4ஜி டேட்டாவில் போட்டுவிட்டது. அந்த 4ஜி குரலிலும் முன்பதிவு செய்த இடம் உண்டு. அந்த 40 பைட் கவரை ஒன்றிரண்டு பைட்டாகச் சுருக்கும் வித்தையும் உண்டு.

அரவிந்தின் விஷன் சென்டர்கள் இப்போது நூற்றுக்கும் மேல். தேனிப் பக்கத்து மக்கள் யாராவது அந்தக் காலத்தில் அப்படி வீடியோவில் கண் காட்டியிருந்தால், இல்லை வீட்டில் பெரியவர்களை அழைத்துப் போயிருந்தால், பின்னூட்டத்தில் சொல்லுங்கள். டாக்டர் குரல் விட்டு விட்டுக் கேட்டதா, தெளிவாக இருந்ததா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.